மூன்று சுரமும் ஒரு படிக்கட்டும்: ஆர்வோ பேர்ட்டின் ‘டா பாச்செம்’ இசைத்தட்டு

எஸ்டோனியன் ஃபில்ஹார்மானிக் சேம்பர் கொயர் என்ற பாடற்குழு பாட, பால் ஹில்லியர் நடத்த, ஹார்மோனியா முண்டி நிறுவனம் 2006இல் வெளியிட்ட தட்டு இது. உள்ளே எஸ்டோனிய இசையமைப்பாளர் ஆர்வோ பேர்ட்டின் எட்டு உருப்படிகள். 2007இல் சிறந்த கொயர் இசைக்கான கிராமி விருது இதற்குத்தான் போனது. சமகாலக் கொயர் இசையைக் கேட்டுப் பழகாத ஒருவருக்கு முதலில் எதைக் கொடுப்பது என்ற கேள்வி எழும்போதெல்லாம் இந்தத் தட்டின் பெயர் வந்துவிடுகிறது. கொடுக்கலாம். ஆனால் எட்டும் ஒரே தரம் என்று நினைத்துக்கொண்டு கொடுக்கக் கூடாது. குரல் மட்டும் உள்ள ஐந்து உருப்படிகள் ஒரு படி மேலே நிற்கின்றன, ஆர்கன் (ஆலயங்களில் உள்ள பெரிய குழாய்க் கருவி) சேர்ந்த மூன்று ஒரு படி கீழே. காரணம் பாடுகிறவர்களும் அல்ல, வாசிக்கிறவரும் அல்ல. சுருதிக் கணக்குதான். அதற்குப் பிறகு வருவோம்.

முதலில் பாடுகிறவர்கள். இந்தக் கொயரை 1981இல் தாலினில் தொடங்கியவர் தோனு கால்யுஸ்தே. இருபது ஆண்டு அவர் கையில் வளர்ந்து, 2001இல் ஹில்லியரிடம் வந்தது, 2007 வரை அவரிடம் இருந்தது. ஹில்லியர் ஆங்கிலேயர், ஹில்லியர்ட் ஆன்சாம்பிள் குழுவை 1974இல் தொடங்கியவர்களில் ஒருவர். 1980களில் பேர்ட்டின் குரலிசை மேற்கு ஐரோப்பாவில் காதில் விழத் தொடங்கியதில் அந்தக் குழுவுக்குப் பெரிய பங்கு உண்டு. பேர்ட்டின் இசையமைப்பு முறையைப் பற்றி 1997இல் ஒரு முழுப் புத்தகமும் எழுதியிருக்கிறார். ஆக, இசையின் உள்கட்டுமானம் தெரிந்த நடத்துநரும், அந்த இசையோடே வளர்ந்த கொயரும் சேர்ந்த தட்டு. சேம்பர் கொயர் என்றால் நூறு பேர் நிற்கும் பெரிய கூட்டம் அல்ல. இங்கே முப்பது பேருக்கும் குறைவு, எல்லோரும் சம்பளம் வாங்கிப் பாடும் தொழில்முறைப் பாடகர்கள். ஒரு குரல்வகைக்கு ஏழு பேர் அளவில் வரும். அந்த எண்ணிக்கை எதற்காக என்பது முதல் உருப்படியிலேயே தெரிந்துவிடும்.

அதற்கு முன் பேர்ட்டின் முறையைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அது புரிந்தால் மட்டுமே எது நன்றாகப் பாடப்பட்டிருக்கிறது என்று சொல்ல முடியும். 1976இல் அவர் கண்டடைந்த இந்த முறைக்கு ‘டின்டினாபுலி’ என்று பெயர், லத்தீனில் சிறுமணிகள். எப்போதும் இரண்டு குரல்கள் ஜோடியாக நகரும். ஒன்று படிப்படியாக ஏறி இறங்கும் மெட்டுக் குரல். மற்றொன்று மூன்றே சுரங்களுக்குள் சுற்றும் மணிக் குரல். கர்நாடக சங்கீதக் காதுக்கு இப்படிச் சொல்லலாம்: மெட்டுக் குரல் ச, சதுச்ருதி ரிஷபம், சாதாரண காந்தாரம், சுத்த மத்யமம், பஞ்சமம் என்று ஒவ்வொரு படியாக ஏறுகிறது. மணிக் குரலுக்கு அனுமதி ச, க, ப மூன்றுக்கு மட்டும். மெட்டுக் குரல் எங்கே நிற்கிறதோ அதற்கு மேலே மிக அருகில் உள்ள சுரத்தை மணிக் குரல் பிடிக்க வேண்டும் என்று விதி வைத்துக்கொள்ளுங்கள். மெட்டு ‘ச’வில் நின்றால் மணி ‘க’. இனிமை. மெட்டு ‘ரி’க்குப் போனால் மணி இன்னும் ‘க’வில்தான், நடுவே அரைச்சுர இடைவெளி, இரண்டும் உரசும். மெட்டு ‘க’வுக்கு வந்தால் மணி ‘ப’, மறுபடி தெளிவு. ‘ம’வுக்குப் போனால் ‘ப’வோடு மறுபடி உரசல், ஆனால் முழுச்சுர இடைவெளி என்பதால் கொஞ்சம் மென்மை. விதியை மாற்றி அடுத்த சுரத்துக்கு மேலே உள்ளதைப் பிடிக்கச் சொல்லலாம், கீழே உள்ளதைப் பிடிக்கச் சொல்லலாம், மாறி மாறிப் பிடிக்கச் சொல்லலாம். எதைத் தேர்ந்தாலும் கலைஞனின் அன்றைய மனநிலைக்கு அதில் இடமில்லை. கணக்கு போட்டபடி வரும்.

அதனால்தான் பேர்ட்டின் இசைத்தாளைப் பார்க்கிற புதிய கொயர், ‘இதில் என்ன இருக்கிறது, பத்து நிமிடத்தில் படித்துவிடலாம்’ என்று நினைக்கிறது. படித்துவிடலாம்தான். ஒலிக்க வைக்க மூன்று மாதம் ஆகும்.

தட்டின் முதல் உருப்படி ‘டா பாச்செம் டோமினே’. ஐந்து நிமிடத்தைக் கொஞ்சம் தாண்டும். பார்சிலோனாவில் 2004இல் நடந்த அமைதிக் கச்சேரி ஒன்றுக்காக, ஜோர்டி சவால் என்ற ஸ்பானிய இசைக்கலைஞர் கேட்டு எழுதப்பட்டது. அந்த ஆண்டு மார்ச் 11 அன்று மாட்ரிட் ரயில்களில் குண்டு வெடித்தது, இரண்டு நாள் கழித்துப் பேர்ட் இதை எழுதத் தொடங்கினார். அப்போது இறந்தவர்களின் நினைவாக ஸ்பெயினில் ஆண்டுதோறும் பாடப்படுகிறது. சொற்கள் பழைய லத்தீன் வேண்டுதல்: எங்கள் நாட்களில் அமைதி தாரும் ஆண்டவரே, எங்களுக்காகப் போராட உம்மையன்றி வேறு யாரும் இல்லை. நான்கு குரல், மிக மெதுவான நகர்வு. ஒவ்வொரு குரல்பகுதிக்கும் கொடுத்திருப்பது விரல் விட்டு எண்ணக்கூடிய சுரங்கள்தான்.

இப்படிப்பட்ட பாட்டில் கொயர் உடைவது மூன்று இடங்களில். முதலாவது மூச்சு. நீண்டு நிற்கும் சுரத்தை ஒரே மூச்சில் பிடிக்க யாராலும் முடியாது, ஆகவே முறை வைத்து மூச்சு வாங்க வேண்டும். பக்கத்தில் நிற்பவர் வாங்கும்போது நீங்கள் வாங்கக் கூடாது. தாளில் கோடு போட்ட இடத்தில் வாங்கவே கூடாது, எல்லோருக்கும் அங்கேதான் தோன்றும். விலகும்போது ஒலியைத் தேய்த்து விலக வேண்டும், திரும்பும்போது மெய்யெழுத்தை மறுபடி உச்சரிக்காமல் அதே உயிரெழுத்தின் மேல் மெல்ல ஏறிக்கொள்ள வேண்டும். ஒரு பகுதிக்கு நான்கு பேராவது இருந்தால்தான் இது கேட்பவருக்குத் தெரியாமல் நடக்கும். மூன்று பேரை வைத்துச் செய்யலாம், ஆனால் ஒருவர் விலகும்போது ஒலி மூன்றில் ஒரு பங்கு குறைவது காதில் விழுந்துவிடும். ஏழு பேர் இருக்கிற எஸ்டோனியர்களிடம் தையல் எங்கே என்று தேடினாலும் கிடைக்காது. ஒப்பிட்டுப் பார்க்க வழியிருக்கிறது: இதே பாட்டை ஹில்லியர்ட் ஆன்சாம்பிள் பகுதிக்கு ஒருவர் என்று பாடிய பதிவு, இசிஎம் நிறுவனம் 2005இல் வெளியிட்ட ‘லாமென்டாட்டே’ தட்டின் தொடக்கத்தில் இருக்கிறது. அங்கே மூச்சு கேட்கிறது. அது குறையல்ல, வேறு ருசி. நான்கு மனிதர்கள் கெஞ்சுவது அது, ஒரு ஊரே கெஞ்சுவது இது.

இரண்டாவது மெய்யெழுத்து. ‘பாச்செம்’ என்பதில் கடைசி ‘ம்’ எப்போது மூடுகிறது? ‘டியேபுஸ் நோஸ்த்ரிஸ்’ என்பதில் இரண்டு சொற்களின் கடைசி ‘ஸ்’ஸும் எங்கே? ஏழு பேர் ஏழு கணத்தில் ‘ஸ்’ சொன்னால் பாம்பு போவது போல இருக்கும். நடைமுறையில் ஒரு பகுதிக்கு ஒருவரோ இருவரோ மட்டும் ‘ஸ்’ சொல்லிவிட்டு மற்றவர்கள் விட்டுவிடுவதும் உண்டு. மூன்றாவது, எல்லாவற்றிலும் கெட்டது, உணர்ச்சி. நீண்ட சுரம் வந்தால் அதை வீங்கவைத்துப் பிறகு அடக்குவது பாடகர்களின் கை வந்த பழக்கம். பேர்ட்டிடம் அது எடுபடாது. உரசல் வரும் இடத்தில் ஒலியைத் தூக்கினால் உரசல் அலறலாகிவிடும். அப்படியே தட்டையாக நிறுத்தினால் மட்டும் அது தானே ஒளிரும். ஹில்லியரின் கொயர் நிறுத்துகிறது. குரலில் நடுக்கம் இல்லை, கமகம் போன்ற எந்த அசைவும் இல்லை. நம் காதுக்கு முதல் ஓரிரு முறை இது உயிரற்றதாகத் தோன்றலாம். அசைவு குரலுக்குள் இல்லை, குரலுக்கும் குரலுக்கும் நடுவே இருக்கிறது என்று பிடிபட்டதும் காது மாறிவிடும்.

தட்டின் உச்சம் ‘மாக்னிஃபிகாட்’. 1989இல் எழுதியது, ஏழு நிமிடத்தை ஒட்டிய நீளம். லூக்கா முதல் அதிகாரத்தின் மரியாளின் பாட்டு: ‘என் ஆத்துமா கர்த்தரை மகிமைப்படுத்துகிறது’. சிஎஸ்ஐ ஆலயங்களின் மாலை ஆராதனையில் நின்று பாடியவர்களுக்கு வார்த்தை மனப்பாடம், ஆகவே லத்தீன் தெரியாதது ஒரு தடையே இல்லை. இங்கே பேர்ட் தாளக் குறியே போடவில்லை. ஒரு சொல்லுக்கு ஒரு அடைப்பு (இசைத்தாளில் இரு கோடுகளுக்கு நடுவே உள்ள இடம்), சொல்லில் எத்தனை அசையோ அந்த அடைப்பில் அத்தனை நீளம். ‘எட்’ என்றால் ஒரு அசை, சின்ன அடைப்பு. ‘மாக்னிஃபிகாட்’ என்றால் நான்கு அசை, பெரிய அடைப்பு. சொல்தான் தாளம் போடுகிறது.

அமைப்பு இப்படி: சிலர் மட்டும் பாடும் வரி, பிறகு எல்லோரும் பாடும் வரி, மாறி மாறி. சிலர் பாடும் வரிகளில் ஒரு தனிச் சொப்ரானோ, அதாவது உச்சக் குரல் பாடகி, ஒரே ஒரு சுரத்தில் நிற்கிறார். பாட்டின் ஆதாரம் எஃப், அவர் நிற்பது சி, அதாவது பஞ்சமம். தம்புராவில் பஞ்சமத் தந்தியை மட்டும் ஒருவர் மீட்டிக்கொண்டே இருக்க, மற்றவர் அதைச் சுற்றிப் பாடுவது போல. சுலபம் என்று தோன்றும். கொயர் உலகில் இதைவிடப் பயமான வேலை குறைவு. ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்பப் பாடும்போது ஒவ்வொரு தொடக்கத்திலும் மூச்சழுத்தம் ஒரு இழை குறைகிறது, சுருதி ஒரு இழை கீழே சரிகிறது. ‘ஆ’விலிருந்து ‘ஊ’வுக்கு வாய் மாறும்போது ஒலி இருண்டு, சுருதி இறங்கியது போலவே கேட்கும். அதைக் கேட்டுப் பக்கத்திலிருப்பவர் உண்மையிலேயே இறங்குவார். எல்லோரும் சேர்ந்து இறங்கினால் அரங்கில் யாருக்கும் தெரியாது. ஆனால் எல்லோரும் பாடும் வரி முடிந்து தனிக் குரல் தன் பழைய ‘சி’யை நினைவிலிருந்து எடுத்தால், இரண்டுக்கும் நடுவே கால் சுரம் ஓட்டை விழும். எடுக்காமல் கொயரைப் பின்தொடர்ந்தால் பாட்டு முடிவதற்குள் எல்லோரும் ஒரு அரைச்சுரம் கீழே. மருந்து பழையதுதான்: திரும்ப வரும் ஒவ்வொரு சுரத்தையும் முந்தையதைவிடச் சற்று மேலே என்று மனத்தில் நினைத்துப் பாடுவது, தீர்ந்த பிறகு வாங்காமல் தீருமுன் மூச்சு வாங்குவது. ஒத்திகையில் சில நடத்துநர்கள் பாட்டையே அரைச்சுரம் ஏற்றிப் பாடவைப்பார்கள். சில குரல்கள் குறிப்பிட்ட சுரத்தில் மட்டும் தளர்வதால், கட்டையை மாற்றினாலே சரிவு நின்றுவிடுவதும் உண்டு.

இந்தப் பதிவில் சரிவு இல்லை. தொடக்கச் சுரத்தையும் முடிவுச் சுரத்தையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். இதே கொயர் இதே பாட்டைக் கால்யுஸ்தே நடத்த முன்பே பாடியிருக்கிறது, இசிஎம் 1993இல் வெளியிட்ட ‘டே டேயும்’ தட்டில். அது பின்லாந்தின் லோஹ்யா ஆலயத்தில் பதிவானது. அங்கே ஒலி தூரத்தில், கூரையிலிருந்து இறங்குவது போல வரும். ஹில்லியரிடம் பாடகர்கள் பத்தடி நெருங்கி வந்துவிட்டார்கள், சொல் தெளிவு. அழகு என்றால் 1993. பாட்டு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று கேட்க வேண்டுமானால் 2006. ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் 2006தான், ஏனென்றால் சொல்லை அளவுகோலாக வைத்து எழுதிய இசையில் சொல் கேட்காமல் போனால் அளவுகோலே தொலைந்தது போல.

ஓய்வு அடைப்புகளைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். பேர்ட்டின் வரிகளுக்கு நடுவே மௌனம் எழுதப்பட்டிருக்கிறது. எதிரொலி நான்கைந்து நொடி நீளும் கல் ஆலயத்தில் அந்த மௌனம் வெற்றிடம் அல்ல, முந்தைய வரி கரைந்துகொண்டிருக்கும் நேரம். அதே தாளைக் குளிர்சாதன அரங்கில், மெத்தை இருக்கைகளுக்கு நடுவே பாடினால் வரி கத்தரித்தது போல நிற்கும், பிறகு இரண்டு நொடி இருமல் கேட்கும். உலர்ந்த அரங்கில் மௌனத்தைக் கொஞ்சம் சுருக்குவதும், கடைசி மெய்யெழுத்தைத் தாமதமாக மூடுவதும் தவிர வழியில்லை. பாட நினைக்கும் கொயர்கள் முதலில் இடத்தைத் தேடட்டும், பிறகு தாளை வாங்கட்டும். தாள்கள் வியன்னாவின் யுனிவர்சல் எடிஷன் வெளியீடு, எல்லாம் காப்புரிமைக்கு உட்பட்டவை. ஒரு பிரதி வாங்கி முப்பது நகல் எடுக்கும் நம் ஊர்ப் பழக்கம் இங்கே செல்லாது.

‘நுங்க் டிமித்திஸ்’, 2001. எடின்பரோவின் செயின்ட் மேரிஸ் எபிஸ்கோபல் கதீட்ரல் கேட்டு எழுதப்பட்டது. சிமியோன் என்ற முதியவர் குழந்தை இயேசுவைக் கையில் ஏந்தி, இனி நான் சமாதானத்தோடே போகலாம் என்று சொல்லும் நான்கு வசனம். ஒரு இடத்துக்காகவே இதைக் கேட்கலாம். சி-ஷார்ப் மைனரில் தவழ்ந்துகொண்டிருக்கும் பாட்டு, ‘லூமென்’, அதாவது ஒளி, என்ற சொல்லில் மேஜராகத் திறக்கிறது. நம் மொழியில் சாதாரண காந்தாரம் அந்தர காந்தாரமாகிறது, வேறொன்றும் இல்லை. ஆனால் இந்த ஒரு சுர மாற்றத்தில்தான் பெரும்பாலான கொயர்கள் தவறுகின்றன. பியானோவில் இந்த இரண்டுக்கும் இடைவெளி 100 சென்ட் (சென்ட் என்பது பியானோ அரைச்சுரத்தின் நூறில் ஒரு பங்கு). இயற்கைச் சுருதியில் சாதாரண காந்தாரம் 316 சென்ட், அந்தர காந்தாரம் 386 சென்ட், இடைவெளி 70 மட்டுமே. பியானோ வைத்துப் பழகிய கொயர் உற்சாகத்தில் 100 சென்டும் ஏறிவிடும், சில சமயம் அதற்கு மேலும். ஏறினால் ஒலி பிரகாசமாகத்தான் இருக்கும், ஆனால் பூட்டாது. சரியான இடத்தில் வைத்தால் மட்டும் கூட்டு ஒலிக்கு மேலே யாரும் பாடாத சுரங்கள் ரீங்கரிக்கும். அந்த ரீங்காரம் இந்தப் பதிவில் இருக்கிறது. அளவாக ஏறுகிறார்கள், அதனால் வெளிச்சம் அதிகமாக விழுகிறது.

இதைப் புரிந்துகொண்டால் ஆர்கன் உருப்படிகளின் சங்கடமும் புரிந்துவிடும். கொயர் தனியாக இருக்கும்போது ஒவ்வொரு கூட்டு ஒலியிலும் காந்தாரத்தை நகர்த்திப் பூட்டிக்கொள்கிறது. ஆர்கன் குழாய் நகராது. சம இடைவெளியில் சுருதி கட்டிய ஆர்கனில் மைனர் காந்தாரம் 300, மேஜர் காந்தாரம் 400. கொயர் ஒன்று அதற்குப் பணிய வேண்டும், அல்லது லேசாக மோத வேண்டும். பேர்ட்டின் இசையோ மூன்று சுரங்களின் பூட்டையே மூலதனமாகக் கொண்டது. பூட்டு 14, 16 சென்ட் தளர்ந்தால் வேறு இசையமைப்பாளரிடம் யாரும் கவனிக்க மாட்டார்கள். இங்கே ஒளி ஒரு மாற்றுக் குறைகிறது. வாசிப்பவர் கிறிஸ்டஃபர் பவர்ஸ்-பிராட்பென்ட், பேர்ட்டின் ஆர்கன் இசையை நெடுநாளாக வாசித்து வருபவர். தேர்ந்தெடுத்த குழாய்கள் மென்மையானவை, எங்கும் கொயரை மூழ்கடிக்கவில்லை. அவர்மேல் குற்றமில்லை.

‘சால்வே ரெஜினா’ மூன்றில் பெரியது, பன்னிரண்டு நிமிட அளவு. மூன்று எண்ணிக்கைத் தாளம், தொட்டில் ஆட்டுவது போன்ற நடை. தொடக்கத்தில் எல்லோரும் ஒரே மெட்டில் பாடும்போது இதம், போகப் போக நீளம் தெரிகிறது. இரண்டாவது இடத்தில் இதை வைத்தது தட்டை அடுக்கியவர்களின் தவறு என்றுதான் சொல்ல வேண்டும். முதல் பாட்டு காதைத் தீட்டி வைக்கிறது, இரண்டாவது தூங்கவைக்கிறது. ‘அன் டென் வாசர்ன் ட்சு பாபெல்’, பாபிலோன் ஆறுகளின் அருகே அமர்ந்து அழுதோம் என்ற சங்கீதத்தின் பெயர் கொண்டது, 1976இல் பிறந்து 1984இல் இந்த வடிவம் பெற்றது. நாடிழந்தவர்களின் பாட்டு, அதில் வார்த்தையே கிடையாது, வெறும் உயிரொலிகள்தான். டின்டினாபுலி முறை பிறந்த ஆண்டின் இசை என்பதால் விதிகள் எலும்புக்கூடு போல வெளியே தெரியும். படிப்பதற்கு நல்லது. பேர்ட் குடும்பத்தோடு சோவியத் எஸ்டோனியாவை விட்டு வெளியேறியது 1980இல்தான், ஆகவே இந்தப் பாட்டை அந்தப் பயணத்தோடு முடிச்சுப் போடுபவர்கள் ஆண்டுக் கணக்கைப் பார்த்துக்கொள்ளட்டும்.

இரண்டு ஸ்லாவ் சங்கீதங்கள் (117, 131) சின்னவை, பழைய ஸ்லாவ் திருச்சபை மொழியில். தாழ்குரல் ஆண்களுக்காகவே கேட்கலாம். எஸ்டோனிய பாஸ் பாடகர்களின் அடிக்குரல் தரை போல விரிந்து கிடக்கிறது, அதன் மேல் மற்றவர்கள் நடக்கிறார்கள்.

பலர் தாண்டிப் போய்விடும் உருப்படி ‘டோப்போ லா விட்டோரியா’. தாண்டாதீர்கள். ‘சிறு கான்டாட்டா’ என்று பேர்ட்டே துணைத்தலைப்புக் கொடுத்த இது, மிலான் நகரம் தன் ஆயர் புனித அம்புரோஸ் இறந்து 1600 ஆண்டு நிறைவதை ஒட்டிக் கேட்டது. அம்புரோஸ் இறந்தது 397இல். வேண்டுதலோ துதியோ அல்ல, இத்தாலிய உரைநடை: அம்புரோஸ் அகஸ்டினுக்குத் திருமுழுக்குக் கொடுத்தபோது ‘டே டேயும்’ என்ற துதிப்பாட்டு பிறந்த கதையை வரலாற்றுக் குறிப்பு போலச் சொல்கிறது. கலைக்களஞ்சியப் பத்தி ஒன்றுக்கு மெட்டுப் போட்டால் எப்படியிருக்கும்? துள்ளுகிறது. பேர்ட் என்றால் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நகரும் நத்தை என்று நினைப்பவர்களுக்கு இதைத்தான் போட்டுக் காட்ட வேண்டும். கதைசொல்லும் வரிகள் துரிதமாக, சொல்லுக்குச் சொல் தெறித்து வரும். கதைக்குள் அந்த இருவரும் பாட வாய் திறந்ததும் நடை சட்டென்று அகலும். இங்கே பாடகர்களுக்குச் சவால் மூச்சல்ல, நாக்கு. இத்தாலியின் இரட்டை மெய்கள், ‘விட்டோரியா’வின் ‘ட்ட’, சரியான எடையில் விழாவிட்டால் துள்ளல் தடுக்கி விழும். தமிழில் இரட்டை மெய் நாக்கிலேயே இருக்கிறது, ஆகவே தமிழ்க் கொயர் ஒன்று இதை எடுத்தால் ஆங்கிலேயர்களைவிட நன்றாக வரக்கூடும். எஸ்டோனியர்களுக்கும் தங்கள் மொழியில் இரட்டிப்பு பழக்கம்தான், அது கேட்கிறது.

‘லிட்டில்மோர் டிராக்டஸ்’ கடைசி. ஆங்கிலேய இறையியலாளர் ஜான் ஹென்றி நியூமனின் 200ஆவது பிறந்த ஆண்டை ஒட்டி, ஆக்ஸ்ஃபோர்டு அருகே அவர் ஊழியம் செய்த லிட்டில்மோர் ஆலயத்துக்காக எழுதியது. 1843இல் அவர் அங்கே ஆற்றிய பிரசங்கத்தின் முடிவு வேண்டுதல்தான் சொற்கள்: நிழல் நீண்டு, மாலை வந்து, உலகின் சந்தடி ஓய்ந்து, வேலை முடியும்வரை எங்களைத் தாங்கும். ஆர்கன் மூன்றில் இது நன்றாக இருக்கிறது. சின்னது, ஆர்கன் இங்கே கொயருக்குத் தோள் கொடுக்கிறதே தவிரக் கூடவே நடக்க வற்புறுத்தவில்லை.

கேட்கும் முறை முக்கியம், ஏனென்றால் இந்தத் தட்டைப் பாதிப் பேர் தவறாகக் கேட்டுவிட்டு ‘ஒன்றுமே நடக்கவில்லை’ என்கிறார்கள். ஒலியளவை முதல் பாட்டை வைத்துத் தீர்மானிக்காதீர்கள். ‘நுங்க் டிமித்திஸ்’ஸில் அந்த ‘லூமென்’ வரும் இடத்தைப் போட்டு, அது உங்கள் அறையில் உரக்க ஆனால் உறுத்தாமல் இருக்கும் அளவில் நிறுத்திவிட்டு, முதல் பாட்டுக்குத் திரும்புங்கள். பிறகு தொடாதீர்கள். கைப்பேசியின் சொந்த ஒலிபெருக்கி வேண்டவே வேண்டாம்: ஆண் அடிக்குரலின் ‘டி’ 73 ஹெர்ட்ஸ், அந்தச் சிறு தகட்டால் அதை எழுப்பவே முடியாது, தரையில்லாத வீடு போலக் கேட்கும். சுமாரான வயர் ஹெட்ஃபோன் போதும். தலைக்கு மேல் சுழலும் மின்விசிறி இந்த இசையின் பெரிய எதிரி, வரி கரையும் கடைசி இரண்டு நொடியை முழுசாக விழுங்கிவிடும். விடியற்காலையில் கேட்டால் விசிறி இல்லாமலே சமாளிக்கலாம்.

இணையவழிக் கேட்பவர்கள் செயலியின் அமைப்புகளில் இரண்டைக் கவனிக்க வேண்டும். பாட்டுக்குப் பாட்டு ஒலியளவைச் சமப்படுத்தும் வசதியை அணைக்க வேண்டும், இல்லாவிட்டால் சில செயலிகள் மெல்லிய பாட்டைத் தூக்கிவிட்டு ஏற்ற இறக்கத்தையே நசுக்கிவிடும். ஒரு பாட்டின் முடிவையும் அடுத்ததன் தொடக்கத்தையும் கலக்கும் வசதியை 0 நொடிக்குக் கொண்டுவர வேண்டும். மௌனத்தை எழுதிவைக்கிற இசையமைப்பாளரின் முடிவின் மேல் அடுத்த பாட்டை ஏற்றுவதைவிடக் கொடுமை இல்லை. 128 கேபிபிஎஸ் எம்பி3 கோப்பு இதற்குப் போதாது. குரல் தப்பிக்கும், எதிரொலியின் வால் மட்டும் நீரில் நனைந்த காகிதம் போலப் பிசுபிசுக்கும். தட்டை வாங்கினால் எஸ்ஏசிடி என்ற உயர்தர சிடி வடிவமும் உண்டு, அது சாதாரண சிடி கருவியிலும் ஓடும். தட்டோடு வரும் சிறுபுத்தகத்தில் பாடல்வரிகள் இருக்கின்றன. இணையத்தில் கேட்டால் அது பெரும்பாலும் கிடைக்காது, ஆகவே லூக்கா 1:46 முதல் 55 வரையும், 2:29 முதல் 32 வரையும், 117, 131, 137ஆம் சங்கீதங்களையும் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

வரிசையையும் மாற்றிக் கேட்கலாம். முதலில் மாக்னிஃபிகாட், அடுத்து நுங்க் டிமித்திஸ். காது பழகியதும் டோப்போ லா விட்டோரியா, பிறகு ஸ்லாவ் சங்கீதங்கள். டா பாச்செம் ஐந்தாவதாக வந்தால் அதன் எளிமை வறுமையாகத் தெரியாது. ஆர்கன் உருப்படிகள் இன்னொரு நாளைக்கு. டா பாச்செம் பிடித்துப்போனால் இசிஎம் 2009இல் வெளியிட்ட ‘இன் பிரின்சிபியோ’ தட்டில் இதே கொயர், கால்யுஸ்தே நடத்த, நரம்பிசைக் கருவிகளோடு அதைப் பாடியிருக்கிறது. வில் இழுக்கும் கருவிகளால் காந்தாரத்தை நகர்த்த முடியும் என்பதால், ஆர்கனோடு வந்த சங்கடம் அங்கே இல்லை.